நடந்து போகும் மணல்!

பாலைவனம் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்?

ஒட்டகம் வரும். பேரீச்ச மரம் வரும். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மணலும், தலைக்கு மேலே கொளுத்தும் சூரியனும் வரும். "அதெல்லாம் அரபு நாட்டுச் சமாசாரம். நமக்கு என்ன?" என்று தோன்றும்.

அதிலும் காரைக்காலில் இருப்பவர்களைக் கேட்கவே வேண்டாம். ஒரு பக்கம் கடல். மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாட்டு மாவட்டங்களின் வயல்கள். நடுவே அரசலாறு, நாட்டாறு, நூலாறு, வாஞ்சியாறு, திருமலைராயன் ஆறு என்று காவிரியின் பிள்ளைகள். ஆண்டுக்கு ஏறக்குறைய 50 அங்குல மழை. இந்த ஊருக்கும் பாலைவனத்துக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. கோடைகாலத்தில் ஒரு நாள் மாலை காரைக்கால் கடற்கரைக்குப் போங்கள். கூட்டம் இருக்கும் இடத்தை விட்டுத் தள்ளி நடந்து, காய்ந்த மணல் பரந்து கிடக்கும் இடமாகப் பார்த்து நில்லுங்கள். கடல் காற்று வேகம் பிடிக்கும்போது, குனிந்து தரையைப் பாருங்கள்.

தரை புகைவது போலத் தெரியும். கணுக்காலில் சுருக் சுருக்கென்று ஊசி குத்துவது போல இருக்கும். ஆனால் முகத்தில் ஒன்றும் படாது.

அது புகை அல்ல, மணல். கடற்கரை மணல் ஊரைப் பார்த்து நடந்து போய்க்கொண்டிருக்கிறது!

சகாராவில் மலை மலையாக மணலைக் குவித்ததும் இதே வித்தைதான். ராஜஸ்தானத்து தார்ப் பாலைவனத்தில் நடப்பதும் இதேதான். நம் திருச்செந்தூர்ப் பக்கத்தில் சிவப்பு மணல் காடு ஒன்றை உண்டாக்கியதும் இதேதான். அந்தக் கதையைப் பார்ப்போம்.

மணலுக்குக் கால் உண்டா?

மணல் பறக்கிறது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் மணல் பறப்பதில்லை. தத்துகிறது. தவளை தத்துவது போல!

காற்று ஒரு மணலைத் தூக்குகிறது. அது சற்று உயரம் போய், முன்னால் விழுகிறது. விழுந்த வேகத்தில் அங்கே கிடக்கும் வேறு மணல்களைத் தட்டி எழுப்புகிறது. அவையும் தத்துகின்றன. ஒன்று பத்தாகிறது, பத்து நூறாகிறது. இந்தத் தத்தல் பெரும்பாலும் முழங்கால் உயரத்துக்குள்ளேயே நடக்கிறது. அதனால்தான் கணுக்காலில் குத்திய மணல் முகத்தில் படவில்லை.

இதைக் கண்டு சொன்னவர் ரால்ப் பாக்னால்டு என்ற ஆங்கிலேயப் பட்டாளத்து என்ஜினீயர். எகிப்துக்கும் லிபியாவுக்கும் நடுவே உள்ள பாலைவனத்தில் பழைய மோட்டார் கார்களை ஓட்டிக்கொண்டு அலைந்தவர் அவர். கார் மணலில் புதையும், இறங்கித் தள்ளுவார். தள்ளிய நேரம் போக, மணலையே பார்த்துக்கொண்டிருப்பார்! பிறகு லண்டனில் ஒரு காற்றுக் கூண்டு செய்து, அதற்குள் மணலைப் போட்டு, காற்றை ஊதி ஊதிக் கணக்கு எடுத்தார். 1941-ம் ஆண்டு புத்தகமாகப் போட்டார். இன்றைக்கும் மணல் ஆராய்ச்சிக்காரர்களுக்கு அதுதான் அரிச்சுவடி.

தத்திப் போகும் மணலுக்கு முன்னால் ஒரு கல்லோ, ஒரு புல் கொத்தோ இருந்தால் என்ன ஆகும்? காற்று அங்கே தளர்ந்து போகிறது. மணல் விழுந்துவிடுகிறது. சிறு குவியல் உண்டாகிறது. இப்போது அந்தக் குவியலே காற்றுக்குத் தடை. மேலும் மணல் விழுகிறது. குவியல் மேடாகிறது, மேடு குன்றாகிறது.

குன்று ஆன பிறகும் அது சும்மா இருப்பதில்லை. காற்று வரும் பக்கத்துச் சரிவில் மணல் மெல்ல ஏறுகிறது. உச்சிக்கு வந்ததும் மறுபக்கம் சறுக்கி விழுகிறது. பின்பக்கத்து மணல் முன்பக்கம் வந்துகொண்டே இருந்தால், குன்று முழுவதும் முன்னால் நகர்ந்துவிடும் அல்லவா? அப்படித்தான் மணற்குன்று நடக்கிறது. பிறை நிலா வடிவத்தில் நிற்கும் குன்றுகள் ஆண்டுக்குப் பல அடி தூரம் நடக்கும். அதிலும் சின்னக் குன்றுக்குத்தான் ஓட்டம் அதிகம். பெரிய குன்று மெல்லத்தான் வரும். வீட்டில் குழந்தைகளும் தாத்தாவும் நடப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

வழியில் கிணறு இருந்தால் கிணறு மூடும். வீடு இருந்தால் வீடு மூடும். பத்து வருஷம் கழித்துக் குன்று தாண்டிப் போனபின் அந்தக் கிணறு மறுபடி வெளியே வருவதும் உண்டு.

மழை வராத காரணம்

மணல் மட்டும் இருந்தால் பாலைவனம் ஆகிவிடாது. சொல்லப் போனால், உலகத்துப் பாலைவனங்களில் மணல் மூடிய இடம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். மிச்சமெல்லாம் கல்லும், சரளையும், மொட்டைப் பாறையும். பனி மூடிக் கிடக்கும் தென்துருவமும் பாலைவனக் கணக்கில்தான் சேரும். ஏனென்றால், பாலைவனத்துக்கு அளவுகோல் மணல் அல்ல, தண்ணீர். ஆண்டுக்குப் பத்து அங்குலத்துக்கும் குறைவாக மழை பெய்தால் அது பாலைவனம். ஜெய்சால்மரில் சுமார் 8 அங்குலம் பெய்கிறது. நமக்கு ஐப்பசியில் ஒரு புயல் வந்தால், அதைவிட அதிகமாக இரண்டு மூன்று நாளிலேயே கொட்டிவிடும்!

சில நாடுகளில் மட்டும் ஏன் மழை இல்லை?

பூமியின் நடு வயிற்றில், பூமத்திய ரேகையில், வெயில் அதிகம். அங்கே காற்று சூடாகி மேலே எழும்புகிறது. மேலே போனதும் குளிர்கிறது. தன்னிடம் உள்ள ஈரத்தையெல்லாம் அங்கேயே மழையாகக் கொட்டிவிடுகிறது. பிழிந்த துணி போல் ஆன அந்தக் காற்று, வடக்கேயும் தெற்கேயும் போய்க் கீழே இறங்குகிறது. அது இறங்குகிற இடத்தில் மேகம் நிற்காது. சகாராவும் அரபுப் பாலைவனமும் அந்த இடத்தில்தான் இருக்கின்றன.

இன்னொரு காரணம் மலை. காற்று மலையில் ஏறும்போது மழையை ஒரு பக்கமே கொட்டிவிட்டு, மறுபக்கம் வெறுங்கையோடு இறங்கும். இதை நாம் வெளிநாட்டில் தேட வேண்டாம். ஆனி, ஆடியில் கேரளத்தில் மழை கொட்டுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம், தூத்துக்குடிச் சீமையில் வெறும் காற்றுதான் வீசுகிறது.

சரி, பாறை எப்படி மணல் ஆகிறது? இதற்கும் காரைக்காலிலேயே சாட்சி இருக்கிறது. கடலோரத்து வீட்டுச் சுவரைப் பாருங்கள். செங்கல்லில் உப்புப் பூக்கும். விரலால் தொட்டால் பொடியாக உதிரும். ஈரத்தில் கரைந்து செங்கல்லுக்குள் போன உப்பு, காயும்போது கட்டியாகிறது. கட்டியாகும்போது கல்லை நெட்டித் தள்ளுகிறது. பாலைவனத்துப் பாறையையும் உப்பு இப்படித்தான் உடைக்கிறது. பகல் வெயிலும் இரவுப் பனியும் கூடச் சேர்ந்துகொள்கின்றன. என்றோ ஒரு நாள் மழை வந்தால் அது வெள்ளமாக வரும். உடைந்ததையெல்லாம் அடித்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் போடும். பிறகு காற்று வந்து சலிக்கிறது. தூசியைத் தூர தேசத்துக்குக் கொண்டுபோகிறது. மணலை அங்கேயே குவிக்கிறது. நம் வீட்டுப் பெண்கள் முறத்தில் புடைப்பது போலத்தான்.

சகாராவில் நீர்யானை!

பாலைவனம் எப்போதும் பாலைவனமாகவே இருந்ததா?

இல்லை! இதை நம் முன்னோர் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தை ஐந்தாகச் சொன்னவர்கள் நாம். இதில் பாலை என்பது தனி நிலம் அல்ல. மலையும் காடும் வெயிலில் வறண்டு தங்கள் இயல்பு கெட்டால், அவையே பாலையின் வடிவம் எடுக்கும் என்கிறார் இளங்கோவடிகள், சிலப்பதிகாரத்தில். அதாவது பாலை என்பது ஓர் ஊர் அல்ல, ஒரு நிலைமை. காய்ச்சல் எப்படி ஓர் ஆள் அல்லவோ, அப்படி!

இதற்குச் சகாராவே சாட்சி. 90 லட்சம் சதுர கிலோ மீட்டர் பரப்பு அது. இந்தியாவைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. அல்ஜீரியா நாட்டில், அந்தப் பாலைவனத்தின் நடுவில், தசிலி என்ற பாறை மேடு இருக்கிறது. அங்கே ஆதி மனிதன் தீட்டிய சித்திரங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. என்ன சித்திரம்? மாட்டு மந்தை! ஒட்டகச்சிவிங்கி! நீர்யானை!

நீர்யானைக்குத் தண்ணீர் வேண்டுமே! ஆம், அப்போது அங்கே தண்ணீர் இருந்தது. சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 5,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை சகாராவின் பெரும் பகுதி புல்வெளியாகவும் ஏரியாகவும் கிடந்தது. பம்பரம் சுற்றும்போது தலையாட்டுகிறது அல்லவா? பூமியும் அப்படி மெல்லத் தலையாட்டுகிறது. ஒரு ஆட்டத்துக்கு இருபதாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும். அந்த ஆட்டத்தில், அப்போது வட பாகத்துக்குக் கோடை வெயில் கூடியது; பருவமழை வலுத்துச் சகாரா வரை போனது. ஆட்டம் மாறியதும் மழை பின்வாங்கியது. ஏரிகள் வற்றின. மக்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு வெளியேறினார்கள்.

இந்தச் சித்திரங்களைப் படியெடுக்க 1956-ல் ஒரு பிரெஞ்சுக் குழு தசிலிக்குப் போனது. அப்போது அல்ஜீரியா பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1954 நவம்பர் 1 வரை, காரைக்காலும் அவர்கள் கையில்தான் இருந்தது. நெல் வயலையும் நெருப்பு மணலையும் ஒரே கொடி ஆண்டது என்பது வேடிக்கைதான்.

நம் சிவப்புப் பாலைவனம்

இனி நம் நாட்டுக்கு வருவோம். காரைக்காலிலிருந்து கடற்கரையை ஒட்டியே தெற்கே போனால் நாகப்பட்டினம், வேதாரண்யம், ராமநாதபுரம், தூத்துக்குடி. அதற்கும் தெற்கே, திருச்செந்தூரைச் சுற்றி இருக்கிறது தேரிக்காடு.

அதை முதல் தடவை பார்ப்பவர்கள் திகைத்துப் போவார்கள். மண் ரத்தச் சிவப்பு! குங்குமத்தைக் கொட்டி வைத்தது போல் மேடும் பள்ளமுமாகப் பல ஆயிரம் ஏக்கர். குதிரைமொழி, காயாமொழி, சாத்தான்குளம், இட்டமொழி என்று ஊர் ஊராக இந்தத் தேரி போகிறது. கால் வைத்தால் புதையும். வெயில் நேரத்தில் செருப்பில்லாமல் நடக்க முடியாது.

இந்த மணல் எங்கிருந்து வந்தது?

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகில் பெரும் பனிக்காலம். தண்ணீர் எல்லாம் பனிக்கட்டியாக உறைந்து கிடந்ததால் கடல் மட்டம் இப்போதைவிட ஏறக்குறைய 400 அடி கீழே இருந்தது. இலங்கைக்கு நடந்தே போகலாம்! காரைக்காலில் கடலைப் பார்க்க வேண்டுமானால், கிழக்கே பல கிலோ மீட்டர் நடந்திருக்க வேண்டும். அப்போது வெளியே தெரிந்த கடல் தரை மணலும், ஆறுகள் கொண்டுவந்த மணலும் காற்றுக்குத் தீனி ஆயின. தெற்குச் சீமையில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று எப்படிப்பட்டது என்பது தெரிந்ததே. இன்று அங்கே நூற்றுக்கணக்கான காற்றாலைகள் சுழல்கின்றன. அந்தக் காற்று மணலை வாரிக் குவித்தது.

உள்நாட்டுத் தேரிகள் பத்தாயிரம் ஆண்டுகளை ஒட்டி உண்டானவை. கடலோரத் தேரிகள் ஐயாயிரம் ஆண்டுகளை ஒட்டியவை. மணலுக்குள் புதைந்து வெயில் படாமல் எத்தனை காலம் கிடந்தது என்பதை அளந்து, விஞ்ஞானிகள் இதைச் சொல்கிறார்கள். சிவப்பு நிறம் வேறொன்றுமில்லை, இரும்புத் துரு. ஒவ்வொரு மணலுக்கும் துருச் சட்டை!

அந்த மணலில் மனிதனும் வாழ்ந்திருக்கிறான். விரல் நகம் அளவுள்ள சின்னஞ்சிறு கல் கருவிகள் அங்கே கிடைத்தன. லண்டனைச் சேர்ந்த சாய்னர் என்பவரும் பிரிட்ஜெட் ஆல்சின் என்ற அம்மையாரும் 1956-ல் இதைப் பற்றி எழுதினார்கள். அம்பு நுனியில் பொருத்தி வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் உதவிய கருவிகள் அவை.

இப்போது ஒரு கேள்வி. அவ்வளவு மணலும் இன்னும் நடந்துகொண்டே இருந்தால் திருச்செந்தூர்ப் பக்கத்து ஊர்கள் என்ன ஆகியிருக்கும்? புதைந்திருக்கும். ஏன் புதையவில்லை? வேர்! உடைமரமும், பனையும், பிற்காலத்தில் நட்ட முந்திரியும் மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. பெயர் பெற்ற உடன்குடிக் கருப்பட்டி இந்தத் தேரி ஓரத்துப் பனையின் பிள்ளைதான். மேலப்புதுக்குடியில், சிவப்பு மணலுக்கு நடுவே, அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் இருக்கிறது. பெயரைக் கவனியுங்கள். அங்கே சுனை உண்டு! மேலே கொதிக்கும் மணல். கீழே நல்ல தண்ணீர். பெய்கிற மழையை மணல் குடித்து அடியில் பத்திரமாக வைத்திருக்கிறது.

கடல் பாலைவனம் ஆன கதை

இயற்கை பாலைவனம் உண்டாக்க ஆயிரக்கணக்கான ஆண்டு ஆகிறது. மனிதன் கை வைத்தால் ஐம்பதே ஆண்டு போதும்!

மத்திய ஆசியாவில் ஆரல் கடல் என்று ஒன்று இருந்தது. பெயர்தான் கடல், உண்மையில் உப்பு ஏரி. 1960 வாக்கில் அதன் பரப்பு 68,000 சதுர கிலோ மீட்டர். தமிழ்நாட்டில் பாதிக்கும் சற்று அதிகம். அமு தாரியா, சிர் தாரியா என்ற இரண்டு ஆறுகள் அதில் விழுந்தன. கரையில் மொய்னாக் என்று ஒரு மீன்பிடித் துறைமுகம். மீனைத் தகர டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையும் அங்கே இருந்தது.

சோவியத் அரசாங்கம் பருத்தி பயிரிட ஆசைப்பட்டது. ஆறுகளை மேலேயே மடக்கி வாய்க்கால் வெட்டியது. பருத்தி விளைந்தது. கடைமடைக்குத் தண்ணீர் போகவில்லை.

கடைமடை! இந்தச் சொல்லைக் காரைக்கால் விவசாயிக்கு விளக்க வேண்டியதில்லை. மேட்டூர் அணை 1934-ல் வந்த நாள் முதல், அணை திறந்து எத்தனை நாளில் நம் வாய்க்காலில் தண்ணீர் எட்டிப் பார்க்கும் என்று விரல் விட்டு எண்ணுகிறவர் அவர். காவிரி நடுவர் மன்றம் 2007-ல் கொடுத்த இறுதித் தீர்ப்பில் புதுச்சேரிக்கு, அதாவது காரைக்காலுக்கு, 7 டி.எம்.சி. தண்ணீர் என்று எழுதினார்கள். சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் அதை மாற்றாமல் விட்டது. அந்த 7 வந்து சேருகிற பாட்டை அவரைக் கேட்டால் தெரியும்.

ஆரலின் கடைமடையில் என்ன நடந்தது? ஏரி ஆண்டுதோறும் பின்வாங்கியது. மீனவர்கள் படகுகளை இழுத்துக்கொண்டு தண்ணீரைத் துரத்தினார்கள். கடைசியில் படகுகளை மணலிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். மொய்னாக்கில் இன்றைக்கும் அந்த இரும்புப் படகுகள் துருப்பிடித்து வரிசையாக நிற்கின்றன. தண்ணீர் நூறு கிலோ மீட்டருக்கு அப்பால்! ஏரி கிடந்த இடத்துக்கு இப்போது ஆரல்கும் என்று பெயர். ஆரல் மணல் என்று அர்த்தம். அங்கிருந்து கிளம்பும் உப்புப் புழுதி, வயலில் அடித்த பூச்சி மருந்தையும் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராக விழுகிறது.

வட பக்கத்தில் கசாக்ஸ்தான் நாட்டார் 2005-ல் ஓர் அணை கட்டி ஒரு சிறு பகுதியைக் காப்பாற்றினார்கள். அங்கே தண்ணீர் ஏறியது. மீனும் திரும்பி வந்தது.

வைக்கோலால் கட்டிய கோட்டை

நடக்கும் மணலை நிறுத்த முடியுமா? முடியும். அதற்கு வேண்டியது பெரிய இயந்திரம் அல்ல.

சீனாவில் தெங்கர் பாலைவனத்தின் ஓரமாக ஒரு ரெயில் பாதை போட்டார்கள். 1958-ல் ரெயில் ஓடியது. தண்டவாளத்தை மணல் மூடிவிடுமே! என்ன செய்தார்கள்? வைக்கோலைக் கொண்டுவந்து, மணலில் சதுரம் சதுரமாகப் பதித்தார்கள். ஒவ்வொரு சதுரமும் மூன்று அடிக்கு மூன்று அடி. சதுரங்க அட்டை போல! வைக்கோல் சில அங்குலம்தான் வெளியே நிற்கும். அது போதும். முழங்காலுக்குக் கீழே தத்துகிற மணலுக்கு அதுவே கோட்டைச் சுவர். அந்தச் சதுரத்துக்குள் செடி முளைக்க வைத்தார்கள். வைக்கோல் மக்குவதற்குள் வேர் பிடித்துக்கொண்டது. ரெயில் இன்றும் ஓடுகிறது.

நம் ராஜஸ்தானத்திலும் இதே வேலை நடக்கிறது. ஜோத்பூரில் 1952-ல் பாலைவனக் காடு வளர்ப்பு நிலையம் தொடங்கினார்கள். 1959-ல் அது மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. காய்ந்த முள்ளையும் சுள்ளியையும் மணலில் வேலியாக நட்டு, நடுவே மரக்கன்றும் புல் விதையும் போட்டுக் குன்றுகளைக் கட்டிப்போட்டார்கள். பிறகு பஞ்சாபிலிருந்து கால்வாய் வெட்டித் தண்ணீரும் கொண்டுவந்தார்கள். அந்தத் தண்ணீரில் கோதுமை விளைந்தது. ஆனால் சில இடங்களில் அளவுக்கு மீறிப் பாய்ச்சியதால் நிலம் ஊறி, உப்புப் பூத்து, வயலே பாழாகிப் போனது. தண்ணீர் இல்லாமலும் பாலை வரும். வடிகால் இல்லாமலும் வரும்.

நம் மேடுகள்

மறுபடியும் காரைக்கால் கடற்கரைக்கு வருவோம்.

காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, கோட்டுச்சேரிமேடு... நம் மீனவர் ஊர்களின் பெயரிலேயே மேடு இருக்கிறது. தட்டையான டெல்டாவில் மேடு ஏது? கடல் கொண்டுவந்து போட்ட மணலும், காற்று குவித்த மணலும்தான்.

அந்த மணல் ஏன் நடந்து போய் வயலை மூடவில்லை? இங்கேயும் காவல் இருக்கிறது. கடற்கரையில் படர்ந்து கிடக்கும் கொடியைப் பார்த்திருப்பீர்கள். ஆட்டுக் குளம்பு போல் பிளந்த இலை. ஊதா நிறப் பூ. அதுதான் அடப்பங்கொடி. கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலைத் தைத்துவிடும். அதன் பக்கத்தில் ராவணன் மீசை. விறைத்த முள் போன்ற புல். முற்றினால் அதன் விதை உருண்டை, முள் பந்து போல் காற்றில் உருண்டு ஓடும். குழந்தைகள் அதைத் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். அந்தப் பந்து எங்கே புதைகிறதோ அங்கே அடுத்த மேட்டுக்கு அஸ்திவாரம்! இவற்றுக்குப் பின்னால் தாழை; அதற்குப் பின்னால் பனை, சவுக்கு.

காசு கொடுக்காமல் கிடைத்த காவற்காரர்கள் இவர்கள். ஆகவேதான் மதிப்பதில்லை. குப்பைச் செடி என்று பிடுங்கி எறிகிறோம்.

மணல் மேடு செய்யும் வேலை இன்னொன்று. கடற்கரை ஊர்களில் பாட்டிமாரைக் கேட்டுப் பாருங்கள். அலையிலிருந்து கொஞ்ச தூரத்தில் மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையில் மொண்டு குடத்தை நிரப்பிய கதை சொல்வார்கள். உப்புக் கடல் பக்கத்தில் நல்ல தண்ணீர் எப்படி? மழை நீர் உப்பு நீரைவிட எடை குறைந்தது. மேட்டு மணலுக்குள் இறங்கி, உப்பு நீரின் மேல் மிதக்கிறது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். மேலே ஓர் அடி குறைந்தாலோ? அடியிலிருந்து 40 அடி உப்பு ஏறி வரும்!

இதைத் தெரிந்துகொண்டு பாருங்கள். மனை நிரப்புவதற்கு என்று மேட்டை வெட்டி வண்டி வண்டியாக அள்ளிப் போகும்போது, போவது மணல் மட்டுமா? அந்த மணலில் உப்பு இருப்பதால் கட்டடம் கட்டக்கூட உதவாது. பள்ளத்தை மூடத்தான் உதவும். அதற்காக ஒரு தெருவின் குடிதண்ணீரைக் கொடுக்கிறோம். மணல் மேட்டைச் சமன் செய்யவோ மாற்றவோ கூடாது என்று மத்திய அரசின் கடற்கரை அறிவிக்கை 1991-லேயே சொல்லிவிட்டது.

முன்பெல்லாம் மணல் போனால் திரும்பி வரும். ஆறு கொண்டுவந்து கடலில் போடும். கடல் கரையில் போடும். காற்று மேட்டில் போடும். இப்போது ஆற்று மணல் அணையில் பாதி தங்குகிறது. மிச்சம் லாரியில் போகிறது. கடலுக்கு என்ன மிஞ்சும்?

2004 டிசம்பர் 26. அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். காரைக்காலிலும் நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. சுனாமிக்குப் பிறகு கரையோரம் முழுவதும் நடந்து பார்த்தவர்கள் ஒன்றைக் கண்டார்கள். உயரமான மணல் மேடு அப்படியே நின்ற இடங்களில் அலை முட்டித் தளர்ந்திருந்தது. ஆற்று வாயிலும், மேடு அறுந்து கிடந்த இடைவெளிகளிலும் அது ஊருக்குள் பாய்ந்திருந்தது. பின்வாங்கியபோது வயலில் உப்பை விட்டுப் போனது. நெல் விளைந்த நிலம் வெள்ளை பூத்துக் கிடந்தது. பாலை என்பது ஒரு நிலைமை என்றேனே, அன்று அது நம் வீட்டு வாசலுக்கே வந்து போயிற்று. பிறகு வந்த பருவமழைகள் அந்த உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவின.

காரைக்கால் சகாரா ஆகிவிடும் என்று யாரும் பயப்பட வேண்டாம். 50 அங்குல மழை பெய்கிற ஊர் அப்படி ஆகாது. ஆனால் மழை பெய்தும் கிணறு உப்பாகலாம். ஆறு இருந்தும் வயல் வெளுக்கலாம். அதற்குச் சூரியன் மனம் வைக்க வேண்டியதில்லை.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஒரு வேடிக்கை செய்து பாருங்கள். காற்று வீசும் நாளில், காய்ந்த மணலில் ஒரு சாண் குச்சிகள் நான்கைந்தை நெருக்கமாகக் கொத்துப் போல் நட்டுவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள். கொத்துக்குப் பின்னால் எலி வால் போல் ஒரு மணல் வால் நீண்டிருக்கும். மணற்குன்றின் குழந்தைப் பருவம் அதுதான். வால் நுனி எந்தத் திசையைக் காட்டுகிறதோ, அந்தத் திசையில்தான் மணல் போய்க்கொண்டிருக்கிறது. கடற்காற்று நேரத்தில் அது ஊர்ப் பக்கம் காட்டும்.